கூரையைப் பிரித்தவர்கள்

நுரையீரலில் ஒருமுறை ஆபரேஷன் செய்துகொண்டால் ஊரில் ஆறுதல் சொல்ல ஆட்கள் வரிசையில் வருவார்கள். இரண்டாவது முறை என்றால் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. "கர்த்தர் ஒருதரம் காப்பாத்தினாரே, இந்தத் தரமும்..." என்று ஆரம்பிப்பார்கள். பாதியிலேயே குரல் இறங்கிவிடும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க அப்போது எனக்கே தெரியவில்லை.

2019 நவம்பரில் புற்றுநோய்க்காக என் வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் இடது பக்கம் கீழ் மடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். சமீபத்தில், "மறுபடியும் வந்திருக்குன்னு சொல்றாங்கக்கா, என்ன செய்யணும்னே தெரியல" என்று அடுத்தடுத்துச் சிலர் என்னிடம் பேசினார்கள். போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புகையிலை எங்கள் வீட்டு வாசலையே மிதித்ததில்லை. அதனால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு எப்படி?" என்பதுதான். புகை பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. நம் ஊர் பக்கம் அது அபூர்வமும் இல்லை. எனக்கு வந்தது அடினோகார்சினோமா என்ற வகை, புகைக்காதவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான் என்று டாக்டர் சொன்னார். நான் வளர்ந்தது பனங்காட்டு ஊரில். அம்மா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் அடுப்பு காலையில் மூட்டினால் மத்தியானம் வரை எரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஓலையும் விறகும் தள்ளுவது எங்கள் வேலை. அந்தப் புகையா, பஸ் ஸ்டாண்டுப் புகையா, எதுவுமே இல்லாமல் ஏதோ ஒரு மரபணு தானாகத் தடம் மாறியதா என்று ஒரு தனி ஆளுக்கு யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வெளிக்காற்றின் மாசையே 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்குபவற்றில் சேர்த்துவிட்டது. காற்றை மூச்சாக இழுக்காமல் யார் இருப்பது?

பீடி குடித்து நோய் வந்தவர்களையும் வார்டில் பார்த்தேன். வலியோடு குற்றவுணர்வையும் சுமந்துகொண்டு, பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு படுத்திருந்தார்கள். "எப்படி வந்தது?" என்ற கேள்வியை அவர்களிடம் மட்டுமாவது யாரும் கேட்காமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

முதல் ஆபரேஷனைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. விடாத இருமல், எக்ஸ்ரே, சி.டி., ஊசி வைத்துச் சதை எடுத்து பயாப்ஸி, சென்னையில் ஆபரேஷன். ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டதால் கீமோ வேண்டாம் என்றார்கள். வலது நுரையீரலுக்கு 3 மடல், இடதுக்கு 2. எடுத்த மடல் திரும்ப முளைக்காது, மிச்சம் இருப்பவை கொஞ்சம் விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அப்போது நான் ஜெபித்த ஜெபத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. குணமானதும் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சபையார் கண் கலங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. எடுத்துக்கொண்டிருந்தேன். 2023-ல் எடுத்ததில் இடது பக்கம் 14 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது.

பழைய நோய் பரவிவிட்டதா, புதிதாக வேறொன்று வந்திருக்கிறதா என்பதுதான் அப்போது முக்கியமான கேள்வி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் "திரும்ப வந்துடுச்சு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஒரு நுரையீரல் புற்றுநோயை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கு, அதோடு சம்பந்தமே இல்லாத இன்னொன்று புதிதாக உண்டாவது உண்டு. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கில் அது நடக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு எடுத்த சதையைச் சோதித்ததில் முதல் கட்டியில் இருந்த மரபணு மாற்றம் வேறு, இதில் இருந்தது வேறு. ஆக இது புதுசு. புதுசு என்றால் ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்யலாம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என் மகள், "அம்மா, நல்ல செய்தி, புதுசாத்தான் வந்திருக்கு!" என்று கூவினாள். அடுத்த நொடியே தான் சொன்னதைத் தானே கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. 2019-ல் கட்டி சின்னதோ பெரிதோ, மடலை முழுசாக எடுப்பதுதான் முறையாக இருந்தது. அதற்குப் பிறகு 2022-ல் ஜப்பானிலிருந்தும் 2023-ல் அமெரிக்காவிலிருந்தும் பெரிய ஆய்வுகள் வந்தன. 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி என்றால், மடலுக்குள் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தாலும் ஆயுளில் குறைவு வருவதில்லை என்று அவை காட்டின. என் இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவில் உலகத்தில் எங்கெங்கோ இருந்த நோயாளிகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அந்த ஆய்வுகளில் சேர்ந்ததால்தான் எனக்கு ஒரு மடல் மிஞ்சியது. முகம் தெரியாத அவர்களுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் வாயில் வார்த்தை இல்லை. முதல் தடவை என்ன நடக்கும் என்று தெரியாமல் போனேன். இந்தத் தடவை எல்லாம் தெரியும். விலா எலும்புகளுக்கு நடுவில் டியூப் இருக்கும்போது தும்மல் வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். அதோடு, கோயிலில் நின்று சாட்சி சொன்ன அந்த இடம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. நான் சொன்னது அப்போது உண்மை. இப்போது அது என்ன ஆயிற்று?

இந்த நிலைமையில் வீடு தேடி வந்த ஒருவர், "உங்க விசுவாசத்துல எங்கேயோ ஓட்டை இருக்கும்மா. ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்க, எங்க கூட்டத்துக்கு வாங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மாமி உள்ளேயிருந்து வந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். "ஏன் தம்பி, எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவர் பதினஞ்சு வருஷம் கூட்டிக் கொடுத்தாரே, அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணுமேல பத்துப் போடச் சொன்னது யாரு? தீர்க்கதரிசிதானே? அந்தப் பத்துதான் இன்னைக்கு ஆபரேஷன். காப்பி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார்கள். அவரும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஜெபம் பண்ணுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், உபவாசம் இருங்கள். ஆனால் அதற்காக ஆபரேஷன் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். ஆபரேஷன் செய்யக்கூடிய நிலை என்பது இந்த நோயில் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கண்டுபிடிக்கும்போதே பாதிப்பேருக்குமேல் அந்த நிலையைத் தாண்டியிருக்கிறார்கள். சளி, டி.பி. என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மாதங்களைத் தொலைத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சபை ஐயர் வந்தபோது ஜெபம் வரவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் வசனம் எதுவும் சொல்லித் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "மாற்கு இரண்டாம் அதிகாரத்துல ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோட தூக்கிட்டு வர்றாங்களே, கூட்டத்துல நுழைய முடியாம வீட்டுக் கூரையைப் பிரிச்சு இறக்குறாங்களே, அந்த ஆள் அந்தக் கதையில ஒரு வார்த்தையாவது பேசுறானாம்மா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் இல்லை. அவன் விசுவாசித்தான் என்றுகூட இல்லை. இயேசு பார்த்தது தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைத்தான்.

"நீங்க படுத்திருங்க. நாங்க தூக்குறோம்" என்று சொல்லிவிட்டு ஐயர் எழுந்துபோனார்.

தூக்கினவர்களைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தது. எங்கள் வீட்டில் யாரும் பெரிய வார்த்தை பேசுகிறவர்கள் இல்லை. ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

அத்தான் (என் கணவர்) எடுத்தது நடையும் படியும். மருத்துவமனையில் மூச்சைச் சோதித்தார்கள். ஒரு வினாடிக்குள் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறேன், ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் தினமும் நடக்கவும் மாடிப்படி ஏறவும் வேண்டும் என்றார்கள். சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்போம். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி. அத்தானுக்கு மூட்டுவலி உண்டு. ஆனாலும் என்னைத் தனியாக ஏறவிட்டுக் கீழே நின்று பார்த்ததில்லை. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஒரு படி பின்னாலேயே வருவார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். யார் நோயாளி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

மாமி என் நைட்டிகளை எல்லாம் எடுத்து முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து பிரஸ் பட்டன் வைத்தார்கள். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்கித் தலைவழியாக உடுப்பு மாட்ட முடியாமல் நான் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. டியூப் வெளியே வருவதற்கு இடது பக்கம் ஒரு திறப்பும் விட்டிருந்தார்கள். நர்ஸுகள் அதைப் பார்த்துவிட்டு, "இதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்கள்.

மைனி என் போனை வாங்கிக்கொண்டார்கள். நலம் விசாரிக்கிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்வது எவ்வளவு களைப்பு என்பது பட்டவர்களுக்குத் தெரியும். "அவ தூங்குறா, நான் சொல்றேன்" என்று மைனி நாள் முழுக்கச் சொன்னார்கள்.

மகள் அப்போது மாசமாக இருந்தாள். பெட் ஸ்கேனுக்கு முன்னால் கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றுவதால், அன்றைக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. ஸ்கேன் முடிந்து சென்னையில் தம்பி வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு அறையில், அவள் அடுத்த அறையில். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் பண்ணினாள். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதியிருந்தாள், ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எத்தனை சதவீதம் மூச்சு மிஞ்சும்? நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பார்ப்பீர்களா? மறுபடி வந்தால் என்ன வழி? போனில் கேட்ட குரல் சுவர் வழியாகவும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி திருச்செந்தூர் போய் இலை விபூதி வாங்கிவந்து, தயங்கித் தயங்கி, "நீங்க வேதக்காரங்க, இருந்தாலும்..." என்று நீட்டினாள். வாங்கி வேதப் புத்தக உறைக்குள் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அவள் எனக்காக வெயிலில் கியூவில் நின்றிருக்கிறாள். அதற்கு நான் என்ன கணக்குப் பார்க்க முடியும்?

அட்மிட் ஆன பிறகு மயக்க மருந்து டாக்டர் வந்து பேசினார். அவர் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. இடது பக்கம் வேலை நடக்கும்போது இடது நுரையீரலைக் காற்றில்லாமல் சுருக்கி வைத்துவிடுவார்களாம். அந்த நேரம் முழுவதும் வலது மட்டும்தான் உடம்புக்கு மூச்சு கொடுக்கும். "வலதுலதானே டாக்டர் ஏற்கெனவே ஒரு மடல் இல்ல?" என்று கேட்டேன். "ஆமாம்மா. அது தாங்குமான்னுதான் இவ்வளவு டெஸ்டும் எடுத்தோம். தாங்கும்" என்றார்.

வெட்டுப்பட்டது, குறைந்துபோனது என்று நான்கு வருஷமாக நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் மறுநாள் என்னை முழுசாகத் தாங்கியது.

அந்த ராத்திரி தூக்கம் வராமல், முன்பு எப்போதோ படித்த ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக ஒரே ஆபரேஷனில் எடுத்து, நோயாளி பிழைத்த முதல் நிகழ்வு 1933 ஏப்ரல் 5-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. செய்தவர் எவார்ட்ஸ் கிரஹாம். நோயாளியும் ஒரு டாக்டர்தான், பிரசவம் பார்ப்பவர். நாள் குறித்த பிறகு அவர் சொந்த ஊருக்குப் போய்ப் பல் டாக்டரிடம் பல்லைச் சரிசெய்துகொண்டார். அதே பயணத்தில் தன் கல்லறைக்கு இடமும் வாங்கினார். நெஞ்சைத் திறந்து பார்த்தபோது ஒரு மடலோடு முடியாது, முழு நுரையீரலையும் எடுக்கவேண்டும் என்று தெரிந்தது. நோயாளியோ மயக்கத்தில் இருந்தார். கூட வந்து ஆபரேஷன் அறைக்குள்ளேயே நின்றிருந்த அவருடைய டாக்டர் நண்பரிடம்தான் கிரஹாம் கேட்டார். அந்த நோயாளி கிட்டத்தட்ட 30 வருஷம் உயிரோடிருந்தார். புகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் காட்டியவர்களில் ஒருவரான கிரஹாம், தானும் நிறைய சிகரெட் பிடித்தவர். 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அப்போதும் அவருடைய நோயாளி உயிரோடிருந்தார்.

பல்லையும் சரிசெய்து, கல்லறைக்கு இடமும் வாங்கிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய நம்பிக்கையில் எங்கே ஓட்டை? நானும் பேங்க் பாஸ்புக், லாக்கர் சாவி எல்லாம் எங்கே இருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டிய அளவையும் மாமியிடம் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் தெரிந்தது தாகம், அப்புறம் வலி. வலிக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். பொறுத்துக்கொள்வதில் எந்தப் புண்ணியமும் இல்லை. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காமல் இருந்தால் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் அதிராது. மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்து ஏறுவதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

நெஞ்சிலிருந்து வரும் டியூபின் மறுமுனை கட்டில் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். இருமும்போது அதில் குமிழி வந்தால் நுரையீரலில் இன்னும் காற்று கசிகிறது என்று அர்த்தம். குமிழி நின்றால்தான் டியூபை எடுப்பார்கள். முதல் தடவை சீக்கிரமே நின்றது. இந்தத் தடவை நிற்கவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், "இருமுங்கம்மா" என்பார். இருமுவேன். எல்லாரும் பாட்டிலைப் பார்ப்பார்கள். குமிழி வரும். "பார்க்கலாம்" என்று போய்விடுவார்கள்.

என் மகன் அதிகம் பேசாத பிள்ளை. ராத்திரி அவன்தான் என்னோடு இருப்பான். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தால் அந்த பாட்டில் அவன் கண்ணுக்கு நேராக இருக்கும். நான் தூக்கத்தில் இருமினால்கூட எழுந்து பார்ப்பான். ஒரு விடியற்காலை இருமிவிட்டுத் தலையணையை விட்டேன். கீழேயிருந்து, "யம்மா, இன்னொருக்க இருமுங்க" என்றான். இருமினேன். "இன்னும் ஒருக்க." இருமினேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் பாயில் முழங்கால் போட்டு, நெற்றியைக் கட்டில் கம்பியில் சாய்த்துக்கொண்டிருந்தான். பாட்டிலில் குமிழி இல்லை. வாலிபனான பிறகு அவன் முழங்கால் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் எனக்கு ஜெபம் திரும்ப வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு ஸ்தோத்திரம், வெளியே வரும்போது ஒரு ஸ்தோத்திரம், அவ்வளவுதான். இனி வராது என்று எனக்கு வாக்குக் கொடும் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். சாட்சி சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்வேன், ஆனால் குணமானதை மட்டும் சொல்லமாட்டேன். தூக்கினவர்களைச் சொல்லுவேன்.

பக்கத்தில் தூக்க ஆள் இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வார்டில் ஒரு அக்கா தனியாகவே வந்து அட்மிட் ஆகியிருந்தார். என் மாமி அவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள், மைனி அவருடைய தலையையும் பின்னிவிட்டார்கள். உங்கள் பக்கத்துக் கட்டிலில் யார் என்று பாருங்கள். அவர்களுடைய ஆட்கள் உங்களையும் தூக்குவார்கள்.

போன ஸ்கேனில் வலது கீழ் மடலில் பனி படர்ந்த மாதிரி லேசாக ஒரு நிழல் தெரிந்தது. இந்த வகை பல வருஷம் அப்படியே இருக்கவும் செய்யும், மெதுவாக வளரவும் செய்யும். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கவனித்துக்கொண்டிருப்போம் என்கிறார்கள். வளர்ந்தால் ஆபரேஷன் இல்லாமல் குறிவைத்துக் கதிர் கொடுக்கவும் வழி இருக்கிறதாம். மகளின் நோட்டில் அதற்கான கேள்விகள் ஏறிவிட்டன. பேத்தி அந்த நோட்டின் அட்டையைக் கடித்து வைத்திருக்கிறாள். அத்தான் மறுபடியும் படி ஏறச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த சி.டி.க்கு முன்னால் ஊரில் கோயில் அசன விருந்து வருகிறது. காய் நறுக்கப் பெயர் கொடுத்துவிட்டேன். மைனி தன் பெயரையும் என்னோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் எங்கள் இரண்டு பேர் பொறுப்பு.